மேகத்துக்கு இடமுண்டு, மேனி நோக உழைத்தவனுக்கு?

மதுரை திருமலை நாயக்கர் அரண்மனையின் பழைய ஒளிப்படங்களில் பேர்போனவை, 1858-இல் லின்னேயஸ் டிரைப் எடுத்தவை. சென்னை மாகாண அரசு ஊதியம் கொடுத்து அமர்த்திய படைத்தலைவர் அவர். வானளாவும் தூண்கள், அடுக்கடுக்காய் வளைவுகள், அவற்றின் மீது யாளியும் கொடியும்! அரண்மனை சிதைந்து கிடந்த காலம். எனினும் படம் நெஞ்சைக் கொள்ளையிடுகிறது. கலையழகைக் கண்டு முகஞ்சுளிக்கும் வறட்டுத்தனம் நமக்கில்லை.

ஆனால், தோழர்களே! ஆள் எங்கே?

டிரைப் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். நெடுநேரம் ஒளி விழ வேண்டும். நடமாடுகிறவன் பதியமாட்டான், அசையாத தூண்தான் பதியும். கருவியின் குறை என்று விட்டுவிடலாமா? வானம் வெறுமையாய்ப் பதிந்தபோது, நெகட்டிவின் மீதே தூரிகையால் மேகம் தீட்டியவர் அவர்! மேகத்துக்குக் கிடைத்த இடம் மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

படத்தைப் பார்ப்போர் கல்லில் செதுக்கிய வேலை என்றே மயங்குவர். செங்கல்லும் சுண்ணாம்பும்தான் அது. சுதை இறுகுவதற்குள் யாளியின் பல்லும் பூவின் இதழும் உருப்பெற வேண்டும். கைவிரல் பிசகினால் மீண்டும் முதலிலிருந்து. 1636-இல் அந்தச் சுண்ணாம்பைச் சுட்டவர், அரைத்தவர், சாரமேறிப் பூசியவர் பெயரென்ன? படத்தின் தலைப்பில் மன்னர் பெயர் மட்டும் மின்னுகிறது. இத்தாலியர் ஒருவர் வகுத்த கட்டடம் என்றொரு பேச்சும் உலவுகிறது. உலவாதா? நம் கொத்தனார் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லையே!

1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் அரண்மனையைச் செப்பனிட முனைந்தார். நீதிமன்றங்கள் அங்கே அமர்ந்தன. 1970 வரை நடந்தன. மன்னனுக்கென எழுந்த வாயிலில் மேலூர்க் குடியானவனும் வழக்குக் கட்டோடு நுழைந்தான். நுழைந்தவனெல்லாம் நீதி பெற்றான் என்று நாம் கதைக்கவில்லை. ஆனால் அதே மதுரையில், மீனாட்சி கோயில் வாயில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! கோபுரத்தைப் படமெடுத்தவர் பலர். அந்தக் காத்திருப்பைப் படமெடுத்தவர் யார்?

1981-இல் அரண்மனை முற்றத்தில் ஒலி-ஒளிக் காட்சி தொடங்கிற்று. அதில் சிலப்பதிகாரக் கதையும் ஒலித்தது. பாண்டியன் வாயிலில் நின்று நீதி கேட்ட கண்ணகியைப் பாடிய இளங்கோ, வாயிற்காவலனுக்கும் பேச வாய் கொடுத்தார். டிரைப்பின் வாயிலில் காவலனும் இல்லை.