உருவமா, தெளிவா? கைவினைக் கார்களின் அக்ரிலிக் மூடிகள்

அலுமினியத் தகட்டில் கை தவறினால் சுத்தியலும் மணல்பையும் இருக்கின்றன. தட்டி நிமிர்த்தலாம், பற்றவைக்கலாம், மிச்சத்தைப் பட்டியும் பெயின்ட்டும் பார்த்துக்கொள்ளும். ஒளி ஊடுருவும் தகட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அதில் விழுந்த தடம் எதுவானாலும் வெயிலில் பளிச்சென்று தெரியும். பழைய பந்தயக் கார்களை மீட்டெடுப்பவர்களும், அவற்றின் வடிவில் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்பவர்களும், மாதக்கணக்கில் உழைத்து பாடியை முடித்துவிட்டு, கடைசியில் இரண்டு ஹெட்லைட் மூடிகளில் வந்து மாட்டிக்கொள்வது இதனால்தான்.

அந்த மூடிகளுக்குச் சிறு பட்டறைகள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் நாடுகின்றன. அச்சு ஒன்றைச் செய்து, அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி இளக்கி, அச்சின்மேல் போர்த்துவது. எளிமையானது, மலிவானது, வீட்டுக் கொல்லையிலும் செய்யக்கூடியது. இந்தப் பெருமைகளைப் பலரும் சொல்லிவிட்டார்கள். இதே முறையால் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று பிரித்துச் சொல்பவர்கள் குறைவு.

அக்ரிலிக் காருக்கு வந்தது விமானத்தின் வழியாக. 1930-களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயரிலும், ஜெர்மனியில் ஓட்டோ ரோமின் நிறுவனம் பிளெக்சிகிளாஸ் என்ற பெயரிலும் சந்தைக்குக் கொண்டுவந்தது ஒரே பொருளைத்தான். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானியின் தலைக்கு மேலிருந்த கூண்டு இந்த அக்ரிலிக்கால் ஆனது. பிறகு விமானத் தொழிலில் பழகியவர்கள் பந்தயக் கார்களின் பக்கம் வந்தார்கள். 1955, 1956, 1957 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லெ மான் பந்தயத்தை வென்ற ஜாகுவார் டி-டைப்பை வடிவமைத்த மால்கம் சேயர், பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர். லோட்டஸ் இலெவனுக்கு உருவம் கொடுத்த ஃபிராங்க் காஸ்டின் டி ஹாவிலாண்ட் விமான நிறுவனத்திலிருந்து வந்தவர். காற்றை வெட்டிச் செல்லும் உருவமும், அந்த உருவத்துக்கு வளைந்துகொடுக்கும் பொருளும் ஒரே வீட்டிலிருந்து வந்தன எனலாம். கண்ணாடியின் அடர்த்தி 2.5 என்றால் அக்ரிலிக்கின் அடர்த்தி 1.19. ரம்பத்தால் அறுபடும், சூட்டில் வளையும், நேராக விழும் ஒளியில் 92 சதவீதத்தைக் கடத்தும். எந்தப் பந்தய அணி இதை வேண்டாம் என்று சொல்லும்?

இத்தாலியில் கதை இன்னும் சுவாரசியமானது. 1962-க்கும் 1964-க்கும் இடையில் ஃபெராரி 250 ஜி.டி.ஓ. கார்கள் 36 மட்டுமே செய்யப்பட்டன. மோதெனாவில் ஸ்கலியெட்டியின் பட்டறையில் அவற்றின் பாடிகள் கையால் அடிக்கப்பட்டவை. கையால் அடித்த பாடியில் இடமும் வலமும் சில மில்லிமீட்டர் வேறுபடுவது வழக்கம். ஒரு காரில் எடுத்த மூடி இன்னொரு காரில் உட்காரும் என்று நம்பி வாங்க முடியாது.

போர்த்தும் முறையின் முதல் பெருமை இங்கேதான் இருக்கிறது. அது வரைபடத்தைப் பார்ப்பதில்லை, எதிரே நிற்கும் காரைத்தான் பார்க்கிறது. ஹெட்லைட் குழியில் களிமண்ணை நிரப்பி, சுற்றியுள்ள அலுமினியத்தின் வளைவு அறுபடாமல் தொடரும்வரை கண்ணாலும் உள்ளங்கையாலும் பார்த்துப் பார்த்து இழைப்பார்கள். அதன்மேல் ஃபைபரில் படிவம் எடுத்து, அதற்குள் அச்சை வார்ப்பார்கள். வார்த்ததை அப்படியே பயன்படுத்தினால் வேலை கெட்டது. தகடு 3 மி.மீ., அதற்கும் அச்சுக்கும் நடுவே விரிக்கும் துணி 1 மி.மீ. என்றால் மூடியின் வெளிப்பரப்பு பாடியை விட 4 மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். எனவே அச்சை அந்த அளவுக்குத் தேய்த்துக் குறைக்க வேண்டும். காரின் மூக்கில் கையை வைத்துத் தடவினால் மூடி எங்கே தொடங்குகிறது என்று விரல் நுனிக்குத் தெரியாமல் இருப்பதும், நகம் இடறுவதும் இந்தக் கழித்தலைச் செய்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தது.

பிறகு சூடு. அக்ரிலிக் 105 டிகிரி செல்சியஸ் வாக்கில் விறைப்பை இழக்கத் தொடங்கினாலும், அச்சில் படிய 150 முதல் 170 வரை வேண்டும். ஓவனுக்குள் பலகை போல விறைப்பாகப் போன தகடு, வெளியே வரும்போது வெந்நீரில் நனைத்த தோலைப் போலத் தொங்கும். பருத்திக் கையுறை போட்ட இருவர் நான்கு மூலைகளையும் பிடித்து, அச்சின் உச்சியில் முதலில் படியவிட்டு, ஓரங்களைக் கீழே இழுத்து, மரச்சட்டத்தால் அழுத்திப் பிடிக்க வேண்டும். 3 மி.மீ. தகடு ஏறக்குறைய அரை நிமிடத்தில் விறைக்க ஆரம்பித்துவிடும். யோசிக்க நேரமில்லை. ஓரத்தில் சுருக்கம் விழுந்தாலும் இழுத்துச் சரிசெய்ய முடியாது.

ஆனால் அக்ரிலிக் மன்னிக்கத் தெரிந்த பொருள். வார்ப்புத் தகட்டை மீண்டும் ஓவனில் வைத்தால், வளைந்ததெல்லாம் மறந்து பழையபடி தட்டையாகிவிடும். அதே தகட்டை இரண்டாம் முறையும் போர்த்திப் பார்க்கலாம். முதல் சூட்டில் நீள அகலம் சுமார் 2 சதவீதம் சுருங்கி, தடிமன் சற்றுக் கூடும் என்பதைத் தெரிந்துகொண்டு முன்கூட்டியே பெரிதாக வெட்டிக்கொண்டால் போதும். கைத்தொழில் கற்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்காது. பெரிய இயந்திரங்கள் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு காருக்காக இவ்வளவு துல்லியத்தை எட்டுகிற வேறு முறை எனக்குத் தெரிந்து இல்லை.

இனி குறைகள். அடிப்படையான குறை அச்சிலேயே இருக்கிறது. இளகிய அக்ரிலிக் தான் தொட்டதையெல்லாம் பதிவு செய்துகொள்ளும். அச்சின் மேல் ஒரு மணல் துகள் இருந்தால் அது மூடியில் ஒரு பரு. துணியின் இழைகூட மங்கலான அம்மைத் தழும்பாகப் பதியும். இதைத் தவிர்க்கப் பலர் கண்டுபிடித்த வழி, சூட்டைக் குறைப்பது. 150-க்கும் கீழே, வளையும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, பலம் கொடுத்து அச்சில் அமுக்கினால் துணித் தடம் பதியாது. மூடி தண்ணீராகத் தெளிந்திருக்கும். பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள்.

அந்தத் தெளிவு கடன் வாங்கியது. குறைந்த சூட்டில் வற்புறுத்தி வளைத்த தகட்டுக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் துளி பட்ட அன்றோ, ஆல்கஹால் கலந்த கிளீனரால் துடைத்த அன்றோ வெளியே வரும். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றியும் விளிம்பிலும் வெள்ளி இழைகள் போல மயிர்விரிசல் கிளம்பும். கிளம்பிய விரிசலை பாலிஷ் போட்டுப் போக்க முடியாது. ஆக, சூட்டைக் கூட்டினால் தழும்பு, குறைத்தால் உள்ளிறுக்கம். இந்த முறையின் மையத்தில் உள்ள முரண் இதுதான். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு, அது குறுகலானது, சமையல் ஓவனின் குமிழ் காட்டும் எண்ணை நம்பி அதைப் பிடிக்க முடியாது. தழும்பு வெளியே தெரியும் குற்றம். பொறுமையாகத் தண்ணீர்த்தாள் போட்டு, நுண்மையை 2000 வரை கூட்டித் தேய்த்து, பாலிஷ் செய்தால் பெரும்பகுதி போய்விடும். இறுக்கம் மறைந்திருக்கும் குற்றம். இரண்டில் ஒன்றைத்தான் ஏற்க முடியும் என்றால் தழும்பையே ஏற்கலாம். பட்டறைகள் பலவும் மற்றதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், வாடிக்கையாளர் வந்து பார்க்கும் நாளில் தழும்பு தெரியும், இறுக்கம் தெரியாது என்பதே.

விளிம்பைத் தீச்சுடரால் ஓட்டிப் பளபளப்பாக்கும் வழக்கத்துக்கும் இதே தீர்ப்புதான். நொடியில் கண்ணாடி போல மின்னும், கூடவே விளிம்பு முழுக்க இறுக்கத்தையும் ஏற்றிவிடும். துளை போடப்போகும் விளிம்பில் அதைச் செய்வது வம்பை விலைக்கு வாங்குவது.

உருவத்திலும் ஒரு வரம்பு இருக்கிறது. ஒரே திசையில் வளையும் தகடு நீள்வதில்லை, மடங்குகிறது. இரு திசைகளிலும் புடைக்கும் மூடிக்குத் தகடு நீண்டே ஆக வேண்டும், நீண்டால் மெலியும். அரைக்கோளத்தின் பரப்பு அதன் வாய் வட்டத்தைப் போல இரண்டு மடங்கு. அப்படியொரு குமிழை ஊதினால் 3 மி.மீ. தகடு சராசரியாக 1.5 மி.மீ. ஆகிவிடும், உச்சியில் அதற்கும் கீழே போகும். ஹெட்லைட் மூடி அவ்வளவு புடைப்பதில்லை, ஆகவே தப்பிக்கிறது. அச்சே படாமல், விளிம்பை மட்டும் சட்டத்தில் பிடித்துக் காற்றழுத்தத்தால் ஊதும் முறையில் தெளிவு அபாரமாக வரும். ஆனால் உருவத்தை அப்போது காற்றுதான் தீர்மானிக்கும். நீண்டு சாய்ந்த, ஒரு முனை கூரான மூடியைக் காற்றிடம் கேட்டு வாங்க முடியாது. அச்சு உருவத்தைத் தந்து தெளிவைக் கெடுக்கிறது, காற்று தெளிவைத் தந்து உருவத்தைக் கைவிடுகிறது. கைவினைக் காருக்கு உருவம் முக்கியம் என்பதால் அச்சு வெல்கிறது, நியாயமான வெற்றிதான்.

ஒளியைப் பற்றியும் பேச வேண்டும். 92 சதவீதம் என்ற எண் நேராக விழும் ஒளிக்கு உரியது. பந்தயக் காரின் மூடி படுத்திருக்கும். தகட்டின் செங்குத்துக் கோட்டிலிருந்து 70 டிகிரி சாய்வில் ஒளி விழுந்தால், கால் பங்குக்கு மேல் தெறித்துத் திரும்பிவிடும். இது பட்டறைக்காரரின் குற்றமில்லை, வடிவத்தின் குற்றம். அமெரிக்க விதிகள் 1968 வாக்கில் ஹெட்லைட்டின் முன் மூடி வைப்பதைத் தடுத்தன. ஜாகுவார் இ-டைப் தன் கண்ணாடி மூடிகளை இழந்து திறந்த விளக்குகளோடு வந்தது அதனால்தான். 1968 பாரிஸ் கண்காட்சியில் மூக்கு முழுவதும் பிளெக்சிகிளாஸ் பட்டையோடு அறிமுகமான ஃபெராரி டேட்டோனா, 1971-இல் மேலெழும் விளக்குகளுக்கு மாறியது. அழகில் இரண்டுமே நஷ்டம் என்று ரசிகர்கள் இன்றும் புலம்புகிறார்கள். இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் அந்தப் புலம்பலில் சேரமாட்டார்.

பொருத்துவதில் கெட்டுப்போகும் மூடிகள், வளைப்பதில் கெடுபவற்றுக்குக் குறைவில்லை. அக்ரிலிக் வெப்பத்தில் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு விரியும். 40 செ.மீ. நீள மூடி, 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தை விட முக்கால் மில்லிமீட்டர் கூடுதலாக நீளும். ஸ்க்ரூவுக்குச் சரியளவில் துளை போட்டு இறுக்கிவிட்டால் அந்த முக்கால் மில்லிமீட்டர் எங்கே போகும்? துளையைப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, கையிறுக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சாதாரண ட்ரில் பிட் அக்ரிலிக்கைக் கவ்விக் கிழிக்கும் என்பதால், அதன் வெட்டும் முனையைச் சற்று மழுக்கிக்கொள்ள வேண்டும்.

அக்ரிலிக்கே வேண்டாம், பாலிகார்பனேட் போதுமே என்பவர்கள் இருக்கிறார்கள். 1953-இல் பேயரில் ஹெர்மன் ஷ்னெலும் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டறிந்த இந்தப் பொருள், அடி தாங்குவதில் அக்ரிலிக்கைப் பன்மடங்கு மிஞ்சும். கல் பட்டால் உடையாது. ஆனால் இது காற்றின் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். 120 டிகிரியில் மணிக்கணக்காக உலர்த்தாமல் வளைக்கப் போனால் உள்ளே குமிழ் குமிழாகப் பொங்கும். துணி பட்டாலே கீறும். கீறாத பூச்சோடு வரும் தகடுகளில் பெரும்பாலானவற்றைச் சூட்டில் வளைத்தால் பூச்சு வெடித்துவிடும். ஹெட்லைட் மூடிக்கு அக்ரிலிக் போதும் என்ற பழமைவாதிகளின் பக்கம்தான் நான். அவர்கள் சொல்லும் காரணத்தை மட்டும் ஏற்கமாட்டேன். அசல் காரிலும் அலை அலையாகத்தானே இருந்தது என்று சொல்லி, மோசமான வேலையை வரலாற்றின் தலையில் கட்டுவது வசதியான சாக்கு.

ஓட்டுநரின் முகத்துக்கு எதிரே நிற்கும் தகட்டில் பேச்சே வேறு. அங்கே அக்ரிலிக் உடைந்தால் கூரான சில்லுகள். அச்சில் போர்த்திய இருதிசை வளைவு அங்கே இருந்தால், தடிமன் இடத்துக்கு இடம் மாறி, சாலைக் கோடு நெளியும், எதிரே வரும் விளக்கு இரண்டாகத் தெரியும். இந்திய மோட்டார் வாகன விதிகள் முன்கண்ணாடிக்கு லேமினேட்டட் பாதுகாப்புக் கண்ணாடியை வலியுறுத்துவதில் அர்த்தமுண்டு. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் காருக்குத் தாழ்ந்த காற்றுத் தடுப்பு வேண்டுமென்றால், ஒரே திசையில் வளையும் வடிவமாக அதை மாற்றிக்கொண்டு பாலிகார்பனேட்டைச் சூடில்லாமலே வளைக்கலாம்; வளைவின் ஆரம் தடிமனைப் போலக் குறைந்தது 100 மடங்கு இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஹெட்லைட் மூடியில் பெற்ற வெற்றியைக் கண்டு, அதே அச்சு, அதே ஓவன், அதே துணி என்று முன்கண்ணாடிக்கும் போகிறவர்கள் தங்கள் திறமையைத் தவறான இடத்தில் செலவிடுகிறார்கள்.

மூடி செய்து தருகிறவரிடம் எவ்வளவு தெளிவாக வரும் என்று கேட்காதீர்கள். தெளிவு கண்ணுக்கே தெரிந்துவிடும். அறுத்துத் துளையிட்ட பிறகு தகட்டை 80 டிகிரியில் மணிக்கணக்காக வைத்து மெல்ல ஆறவிட்டாரா என்று கேளுங்கள். இறுக்கத்தைத் தளர்த்துவது அந்த ஒரு வேலைதான். இல்லை என்று பதில் வந்தால் மூடி எவ்வளவு அழகாக இருந்தாலும் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.