முகத்தின் தன்மையும் மிகையும்

ஒரு பொருளை உள்ளவாறு புனைந்துரைப்பது தன்மையணி. அதனை உயர்த்தி உரைப்பது அதிசயவணி. பிற்காலத்தார் இவற்றைத் தன்மை நவிற்சி என்றும் உயர்வு நவிற்சி என்றும் வழங்கினர். தண்டியலங்காரத்தின் பொருளணியியல் தன்மையை முதற்கண் வைத்து, அதிசயத்தைப் பின்னரே கூறுகிறது. சொல்லுக்கு வகுத்த இம்முறை கோட்டுக்கும் பொருந்துமா என்பது ஆராயத் தக்கது. உருவப்படம் தன்மையின் பாற்பட்டது; கேலிச்சித்திரம் மிகையின் பாற்பட்டது.

இவ்வாராய்ச்சி இன்று வேண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. கோலாலம்பூர் சென்ட்ரல் மார்க்கெட்டில் ஓவியர்கள் எதிரில் அமர்ந்தவரை உருவப்படமாகவும் கேலிச்சித்திரமாகவும் வரைந்து தருகின்றனர். ரவாங்கிலிருந்து கொமுட்டர் இரயிலில் வந்து அதனைக் கண்டு திரும்பும் இளைஞர், வீட்டில் இருந்தபடியே டேப்லெட்டில் அக்கலையைப் பயிலவும் இன்று வழி உளது. ஆயினும், பென்சிலில் உருவப்படம் எழுதிக் கைதேர்ந்தவர் கேலிச்சித்திரத்துக்கு வரும்போது ஒரு தடுமாற்றம் நேர்கிறது. தாம் வரைந்த படத்தையே எடுத்து, ‘லிக்விஃபை’ என்னும் நெளிக்கும் கருவியால் மூக்கை இழுக்கிறார். தாடையை வீங்க வைக்கிறார். படம் கோணலாகிறது, ஆனால் ஆள் தெரிவதில்லை. கருவி இழுத்துத் தரும். எதனை இழுக்க வேண்டும் என்று சொல்லித் தராது.

எதனை மிகைப்படுத்துவது என்னும் வினாவுக்குக் கணினித் துறையிலேயே ஒரு விடை பிறந்தது. சூசன் பிரென்னன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1985இல் தம் முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். பல முகங்களிலிருந்து ஒரு சராசரி முகத்தை அமைத்து, அதனினின்று ஒருவருடைய முகம் எங்கெங்கு எவ்வளவு வேறுபடுகிறது என்று அளந்து, அவ்வேறுபாட்டை மட்டும் பெருக்குவதே அம்முறை. 1987இல் ஜிலியன் ரோட்ஸ், பிரென்னன், சூசன் கேரி ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர்களை அளவு பிசகாத கோட்டுப்படத்தில் காட்டிலும் மிகைப்படுத்திய கோட்டுப்படத்தில் பார்த்தோர் விரைவாக இனங்கண்டனர். எனவே, மிகை என்பது பொய்யன்று; தன்மையைத் துலக்கும் ஒரு வழியே ஆகும்.

ஆனால், இங்கே மற்றொரு வினா எழுகிறது. அச்சராசரி முகம் யாருடைய முகம்? பாடங்களில் ஹாலிவுட் நடிகர் முகங்களையே கண்டு பழகியவர், அந்த அளவுகோலைக் கொண்டு கிள்ளானில் உள்ள ஒரு தமிழாசிரியரை வரைவதாகக் கொள்வோம். அவ்வளவுகோலுக்கு முதலில் வேறுபாடாகத் தோன்றுவன கருமை நிறமும் அகன்ற மூக்கும் தடித்த உதடுமே. அவற்றைப் பெருக்கினால் கிடைப்பது அந்த ஆசிரியரின் முகமா? ஓர் இனத்தைப் பற்றிய ஏளனமே கிடைக்கும். அவரை அறிந்த மாணவர் கண்டு சிரிப்பது அவருடைய நிறத்தை அன்று; கண்ணாடிக்கு மேலாக வகுப்பை நோக்கும் அந்தப் பார்வையையே. பலருக்குப் பொதுவானதை விலக்கி, ஒருவருக்கே உரியதைப் பற்றுவதில்தான் இக்கலையின் அறமும் திறமும் ஒருங்கே அடங்கியுள்ளன.

தமிழ் இதழுலகில் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஆனந்த விகடனில் மாலி வரைந்த சங்கீத வித்துவான்களின் சித்திரங்கள், கச்சேரிக்குச் செல்லும் இரசிகரின் கண்ணை அளவுகோலாகக் கொண்டவை. பாடும்போது கோணும் வாயும் வீசும் கையும் அவருக்குப் போதும். மாலி பெயரிட்டு வளர்த்த கோபுலு (1924–2015), ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு உயிர்ப்புள்ள மாந்தரையும் வரைந்தார். நகைச்சுவைச் சித்திரங்களையும் வரைந்தார். முன்னதில் பயின்ற கண்ணே பின்னதிலும் பார்த்தது எனலாம்.

மலேசியாவின் லாட், 1979இல் வெளிவந்த ‘தி கம்போங் பாய்’ நூலில் தம்மையும் தம் குடும்பத்தாரையுமே நகைப்புக்கு உரியோராக்கினார். அவர் வரையும் மலாய்க்காரரின் மூன்று சுழி மூக்கு ஒருவருக்கே உரிய அடையாளமன்று, ஒரு வகையுருவே என்று குறை கூறுவாரும் இருக்கலாம். அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும், பிறர் மூக்கைத் தொடும் முன் தம் மூக்கைத் தொட்டவர் அவர். அதனால் அந்நகைப்பில் நஞ்சில்லை.

அங்ஙனமாயின், உருவப்படப் பயிற்சி கேலிச்சித்திரத்துக்குத் தடையா? ஒவ்வொரு மயிரிழைக்கும் ஒரே மதிப்பு அளிக்கும் பழக்கம் தடையே. அதனை விட்டொழிக்க வேண்டும். படத்தைப் பார்த்து வரைந்த பின் அதனை மூடிவிட்டு, பத்தே கோடுகளில் நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. நினைவில் நின்றதே முகம், நில்லாதது விவரம். ஆனால், பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் நூறு முகங்களைப் பொறுமையுடன் எழுதியவருக்கு ஒரு செல்வம் சேர்ந்துவிடுகிறது. இம்மண்ணின் முகங்களாலேயே அமைந்த சராசரி ஒன்று அவர் கண்ணில் குடிகொள்கிறது. அதனை எந்த மென்பொருளும் அவருக்கு விற்க இயலாது.

அதிசயம் உலகியல்பின் எல்லைக்குள் நின்று, அறிந்தோர் வியக்குமாறு அமைய வேண்டும் என்பது தண்டியாசிரியர் காட்டும் நெறி. வரையப்பட்டவரே படத்தைக் கண்டு, ‘நான்தான்’ என்று சிரிப்பாராயின், அவ்வெல்லை காக்கப்பட்டது என்க.