தந்தை பெயர் கிடைத்தது. தாய் பெயர் எங்கே?

திருமுழுக்குப் பதிவேட்டின் ஒரு வரி, அதை எழுதும் குருவுக்கு அன்றாடக் கடமைகளுள் ஒன்று. இருநூறு ஆண்டுகள் கழித்து அதைத் தேடி வருபவருக்கோ அதுவே தம் குலத்தின் வேர். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் சென்னைப் பங்குகளில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான். முன்னோர் அயர்லாந்துக்காரர் என்றோ ஸ்காட்லாந்துப் படைவீரர் என்றோ வீட்டில் வழங்கிவந்த பேச்சு ஒன்றே அவர்களுக்குத் துணை.

இத்தகைய தேடலை நல்ல இலக்கியமாக்கிய நூல், ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் டால்ரிம்பிள் 2002-இல் வெளியிட்ட 'ஒயிட் முகல்ஸ்'. 'வெள்ளை முகலாயர்' என்பது தலைப்பின் பொருள். அதை மதிப்பிடுமுன், நம் ஊர் ஆவணங்களின் இயல்பை ஓரளவு அறிந்துகொள்வது நலம்.

ஸ்காட்லாந்தினரின் சபைக்கு எழும்பூரில் தூய அந்திரேயா ஆலயம் 1821-இல் திறக்கப்பட்டது. அயர்லாந்தினரின் வரவு பெரும்பாலும் படை வழியாக நிகழ்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஐரோப்பியப் படைப்பிரிவு பின்னாளில், 1881-இல், 'ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்' என்னும் பெயருடைய ஐரிஷ் படையின் ஒரு பகுதியாயிற்று. அயர்லாந்து வீரருள் பலர் கத்தோலிக்கர். 1834-இல் உரோமை சென்னைக்கு நியமித்த ஆயர் தானியேல் ஓ'கானர் அயர்லாந்தின் அகுஸ்தினார் சபைத் துறவி. 1841-இல் பொறுப்பேற்று 1868 வரை பணியாற்றிய ஆயர் ஜான் ஃபெனலியும் அந்நாட்டவரே. மயிலையோ பதுரவாதோ எனப்படும் போர்த்துக்கீச அரச ஆதரவின்கீழ் தனி மறைமாவட்டமாய் இருந்தது. 1952-இல்தான் இரண்டும் ஒன்றாயின. ஆகவே பாலவாக்கத்திலிருந்து பரங்கிமலை வரை எங்கே தேடத் தொடங்கினாலும், முன்னோர் எந்த ஊரில் வாழ்ந்தார் என்பதோடு எந்த ஆயரின் ஆட்சியில் வாழ்ந்தார் என்றும் கேட்டாக வேண்டும்.

இவ்வேடுகளுக்கு மற்றொரு மதிப்பும் உண்டு. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது டப்ளினில் பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட குடிக்கணக்குகளில் பெரும்பகுதி அதில் அழிந்தது. தாயகத்தில் சாம்பலாகிப் போன ஒரு குடும்பத்தின் சுவடு நம் ஏடுகளில் எஞ்சியிருக்கக் கூடும்.

இனி நூலுக்கு வருவோம். ஸ்காட்லாந்து மரபில் வந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக் 1764-இல் சென்னையில் பிறந்தவர். ஐதராபாத்தில் கம்பெனியின் பிரதிநிதியாய் இருந்தவர். அவ்வூர் உயர்குடிப் பெண்ணான கைருன்னிசாவை அவர் மணந்தார். அவ்வுறவைப் பற்றி 1801-இல் நம் சென்னையில் விசாரணையே நடந்தது. 1805-இல் அவர்தம் இரு குழந்தைகளும் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் தந்தை கல்கத்தாவில் இறந்தார். தாய் அக்குழந்தைகளை மீண்டும் காணவில்லை; 1813-இல் அவரும் மறைந்தார். 1806-இல் இலண்டனில் திருமுழுக்குப் பெற்றபோது சாகிப் ஆலம் வில்லியம் ஜார்ஜ் ஆனான். சாகிப் பேகம் கேத்தரின் அரோரா ஆனாள்.

டால்ரிம்பிளின் பெருமை, அவர் ஒரு பக்கத்து ஆவணத்தோடு நின்றுவிடாமையே. சங்கேத எழுத்தில் அமைந்த ஆங்கில மடல்களைப் பிரித்தறிந்து, பாரசீக நூல்களோடு ஒப்பிட்டு நோக்குகிறார். ஆய்வின்போது தம் குலத்திலும் ஒரு வங்கப் பெண் இருந்ததைக் கண்டறிந்து முன்னுரையிலேயே தெரிவிக்கிறார். சந்திரநாகூரைச் சேர்ந்த அந்த இந்துப் பெண் கத்தோலிக்கராகி, ஒரு பிரெஞ்சு அதிகாரியை மணந்தவர். இந்த நேர்மையை நாம் போற்றுகிறோம்.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. கைருன்னிசா உயர்குடியில் பிறந்தவர், அவரைப் பற்றி அதிகாரிகள் எழுதினர், உறவினர் எழுதினர். அதனால் அவர் நமக்குக் கிடைத்தார். பரங்கிமலைப் பாளையத்தில் ஓர் ஐரிஷ் வீரனுக்குப் பிள்ளை பெற்ற ஏழைத் தமிழ்ப் பெண்ணைப் பற்றி யார் எழுதினார்? அக்காலப் பதிவுகளில் தந்தையின் பெயரும் பதவியும் படைப்பிரிவும் இருக்கும். தாய்க்கோ பல வேளைகளில் திருமுழுக்குப் பெயர் மட்டுமே இருக்கும். சில வேளைகளில் அதுவும் இராது. கம்பெனியார் தம் இந்தியத் துணைவியருக்கு எழுதிவைத்த உயில்களை டால்ரிம்பிள் சான்று காட்டுவது உண்மை. ஆனால் அப்பெண்கள் கதையின் பின்னணியாகவே நின்றுவிடுகின்றனர். விதிவிலக்கான ஒரு காதலை அக்காலத்தின் முகமாக வாசகர் எடுத்துக்கொள்ள நூல் இடம் தருகிறது. எழுதப்படாத பெண்ணின் மௌனத்தையும் ஒரு சான்றாகப் படித்திருந்தால், இது இன்னும் பெரிய நூலாகியிருக்கும்.

இக்குறை அவருக்கு மட்டும் உரியதன்று. நம் அரசியலமைப்பின் 366-ஆம் பிரிவே ஆங்கிலோ-இந்தியரைத் தந்தைவழி கொண்டுதான் வரையறுக்கிறது. வேர் தேடுவோரும் குடும்பப் பெயரைப் பற்றிக்கொண்டே மேலேறுகின்றனர். ஐந்து தலைமுறை மேலே சென்றால் ஒருவருக்கு முன்னோர் 32 பேர். குடும்பப் பெயர் அவர்களுள் ஒருவரிடம் மட்டுமே கொண்டு சேர்க்கும். மீதி 31 பேரில் எத்தனை பேர் நம் மண்ணின் மகளிர்!

மத்தேயு நற்செய்தியாளர் ஆண்வழி அட்டவணை எழுதியவர்தாம். ஆயினும் தாமாரையும் இராகாபையும் ரூத்தையும் அவர் விடவில்லை. உரியாவின் மனைவியைப் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டாலும் அவருக்குரிய இடத்தை மறுக்கவில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 877-ஆம் விதியும், மணமாகாத தாயின் பிள்ளைக்குத் திருமுழுக்கு அளிக்கையில், தாய்மை வெளிப்படையாயின் அல்லது தாயே விரும்பிக் கேட்டால், அவர் பெயரை ஏட்டில் எழுதியாக வேண்டும் என்கிறது. நேற்றைய ஏடுகள் விட்டதை இன்றைய ஏடுகள் விடலாகாது என்பதே இதன் பொருள்.

ஆகவே குருக்களாகிய நாம் தாயின் பெயரையும் ஊரையும் கேட்டு, தெளிவாக எழுதுவோம். இல்லங்களில் உள்ளோர் பாட்டிமார் உயிரோடிருக்கும்போதே, அவர்தம் தாயார், தாயாரின் தாயார் பெயர்களைக் கேட்டுக் குறித்துவைக்கட்டும். டால்ரிம்பிளின் நூலையும் வாசிக்கட்டும். வாசித்து முடித்தபின், அதில் இடம்பெறாத பெண்களைப் பற்றியும் வீட்டில் பேசட்டும்.