புலி எதைப் பதுக்குகிறது? 'ரவுண்டர்ஸ்' படத்தின் இரண்டு மறைப்புகள்

போக்கர் என்று பேச்சு வந்தாலே முதலில் வந்து விழுகிற படம் 'ரவுண்டர்ஸ்' (1998). ஜான் டால் இயக்கியது. எழுதியவர்கள் டேவிட் லெவியன், பிரையன் கோப்பல்மன். மாட் டேமன் நடித்த மைக் என்கிற சட்டக் கல்லூரி மாணவன், கடைசியில் அடக்கி வாசித்து, ஜான் மால்கோவிச் நடித்த டெடி கேஜிபியைச் சாய்க்கிறான். புலி பதுங்குவது பாயத்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம்.

எனக்கு அங்கே ஒரு கேள்வி. புலி எதைப் பதுக்குகிறது? கையில் இருக்கும் சீட்டையா, இல்லை தான் புலி என்பதையேவா? இரண்டும் வேறு வேறு வேலை. படம் இரண்டையும் ஒரே சாமர்த்தியமாகக் காட்டுகிறது. படத்தின் பலம், பலவீனம் ரெண்டுமே அந்தக் குழப்பத்தில்தான் இருக்குன்னு நினைக்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டெக்சாஸ் ஹோல்டெம் வகையில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, மூடியபடி. நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், 'செக்' சொல்லிச் சும்மா இருக்கலாம். ஏழில் சிறந்த ஐந்து சீட்டு யாருக்கோ அவருக்குப் பணம்.

முதலில் சீட்டை மறைப்பது. படத்தில் மைக் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் ஒரு டேப் வருகிறது. அது நிஜ ஆட்டம்: 1988 உலக போக்கர் தொடரின் இறுதிச் சுற்று, ஜானி சானும் எரிக் சைடலும். சான் கையில் ஜாக், ஒன்பது. சைடல் கையில் ராணி, ஏழு. நடுவில் விழுந்த முதல் மூன்று சீட்டுகள் ராணி, பத்து, எட்டு. அதாவது எட்டிலிருந்து ராணி வரை சானுக்கு வரிசை அமைந்துவிட்டது. அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய கை கிடையாது. சான் அவசரப்படவில்லை. ராணி ஜோடியை நம்பிய சைடல், ஐந்தாவது சீட்டு வந்ததும் மொத்தப் பணத்தையும் தள்ளினார். ஆட்டம் முடிந்தது. சானுக்கு 7,00,000 டாலர், தொடர்ந்து இரண்டாவது பட்டம்.

கவனிக்க வேண்டியது இது: 1987-இல் பட்டம் வென்ற சான் யார் என்று சைடலுக்கு நன்றாகத் தெரியும். சான் தன் திறமையில் ஒரு துளியைக்கூட மறைக்கவில்லை. மறைத்தது இரண்டே இரண்டு சீட்டை.

படத்தின் கடைசிக் கையும் இதன் நகல்தான். மைக் கையில் எட்டு, ஒன்பது. நடுவில் ஆறு, ஏழு, பத்து. அவன் செக், செக் என்று சும்மா இருக்க, டெடியே முழுப் பணத்தையும் தள்ளிவிடுகிறான். நிஜத்தில் நடந்ததை உள்வாங்கி எழுதியதால் அந்தக் காட்சி இன்றும் கச்சிதமாக நிற்கிறது.

இனி திறமையை மறைப்பது. இதற்குப் படம் தரும் உதாரணம் அட்லாண்டிக் சிட்டி, தாஜ்மஹால் சூதாட்ட விடுதி. நியூயார்க்கின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சுற்றுலா வந்த ரெண்டு அப்பாவிகள் வந்து உட்கார்ந்து, பணத்தை இறைத்துவிட்டுப் போகிறார்கள். மைக்கின் பின்னணிக் குரல் அதை ஜாலியாக விவரிக்கிறது. சிரிப்பும் வருது. ஆனால் அந்த ரெண்டு பேர் யார், எழுந்து போன பிறகு என்ன ஆனார்கள் என்பதில் படத்துக்கு அக்கறையே இல்லை. இதுதான் படத்தின் மீது என் முதல் புகார்.

இரண்டாவது புகார் இன்னும் அடிப்படையானது. தந்திரத்தைக் கொண்டாடுகிற இந்தப் படத்தில், கதை திரும்பும் இடம் ஒவ்வொன்றிலும் மைக் தன் திறமையை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறான். பேராசிரியரும் நீதிபதிகளும் ஆடிக்கொண்டிருக்கும் அறைக்குள் நுழைந்து, யார் கையில் என்ன இருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்கிறான். பின்னால் அதே பேராசிரியர்தான் அவனுக்கு 10,000 டாலர் கடன் தருகிறார். திறமை தெரிந்ததால் கிடைத்த பணம் அது. டெடி ஓரியோ பிஸ்கட்டைப் பிரித்துச் சாப்பிடும் விதத்தில் அவன் கை நல்லதா கெட்டதா என்று மைக் கண்டுபிடித்துவிடுகிறான். எதிராளியின் அடையாளத்தைக் கண்டுகொண்டால் வாயே திறக்கக் கூடாது என்பது ஆட்ட நியதி. மைக்கே அதைச் சொல்கிறான். சொல்லிவிட்டு, நல்ல கையைக் கீழே போட்டு, தனக்குத் தெரிந்துவிட்டது என்று டெடிக்கே காட்டுகிறான். அவனுக்கு நேரமில்லை, விடிவதற்குள் 15,000 டாலர் வேண்டும். டெடி நிலைகுலைந்து பிஸ்கட் தட்டைத் தூக்கி எறிகிறான். கடைசிக் கையில் பணத்தைத் தள்ளியது அப்படி நிலைகுலைந்த டெடி.

நளன் கதையை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். புஷ்கரனிடம் எல்லாவற்றையும் தோற்ற நளன், இருதுபர்ணனிடம் சூதின் நுட்பத்தைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்து, மறுபடி ஆட அழைக்கிறான். புஷ்கரன் மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்கிறான். அவன் கண்ணில் இருப்பது பழைய நளன். பழைய தோல்வியே போதுமான வேஷம். தனியாக நடிக்க வேண்டியதில்லை. டெடிக்கும் மைக் என்றால் 30,000 டாலரைத் தன்னிடம் விட்டுப் போன பையன்தான். படம் இந்த இழையைப் பிடித்திருந்தால் இன்னும் ஆழமாகப் போயிருக்கும். ஓரியோவை நம்பிவிட்டது.

திறமையை மறைப்பதன் விலை என்ன என்று தெரிந்துகொள்ள 37 வருடம் பின்னால் போக வேண்டும். ராபர்ட் ராசனின் 'தி ஹஸ்லர்' (1961) போக்கர் படமல்ல, பூல் மேசைப் படம். ஆரம்பத்தில் பால் நியூமனின் எடி, ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளன் மாதிரி நடிக்கிறான். குடித்திருக்கிறான், குருட்டாம்போக்கில் ஒரு கஷ்டமான அடி விழுகிறது, மறுபடி அடிப்பேன் என்று வீம்பு பிடித்துத் தோற்கிறான். கூட்டாளி இனிமேல் பந்தயம் கிடையாது என்று விலகிக்கொள்ள, வேடிக்கை பார்த்த கடைக்காரர் தானாகவே பணம் கட்டுகிறார். அப்போது அடி சரியாக விழுகிறது. பிரமாதமான காட்சி. ஆனால் ராசன் அதோடு விடவில்லை. பிறகு ஒருநாள், எதிராளி சீண்டியதில் கோபம் தலைக்கேறி, எடி தன் நிஜ ஆட்டத்தைக் காட்டிவிடுகிறான். அங்கிருந்தவர்கள் அவன் கட்டை விரல்களை ஒடிக்கிறார்கள்.

திறமையுள்ளவனுக்குத் தன்னை யாராவது பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. தினமும் அதை அடக்குவதுதான் ஹஸ்லரின் தொழில். 'ரவுண்டர்ஸ்' படத்தில் இந்த விலையைக் கொடுப்பது மைக் அல்ல, எட்வர்ட் நார்ட்டனின் வோர்ம். சீட்டுக்கட்டின் அடியிலிருந்து உருவிப் போடும்போது போலீஸ்காரர்களிடம் சிக்குகிறான். நண்பர்கள் இருவரும் உதை வாங்குகிறார்கள். கதாநாயகன் கை சுத்தமாக இருக்கட்டும் என்று அழுக்கு முழுவதையும் நண்பன் மேல் பூசிவிட்டது படம்.

சரி, திறமையை மறைக்காமல் போக்கரில் ஜெயிக்கவே முடியாதா? இதற்குப் பதில் என் தொழிலிலிருந்து வருகிறது. 2017 ஜனவரியில், பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ரேடஸ் என்ற நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு இருவர் ஆட்டமாக 20 நாள், 1,20,000 கைகள் ஆடியது. அது என்ன, எவ்வளவு வலுவானது என்று அவர்களுக்குத் தெரியும். ராத்திரியானால் கூடி உட்கார்ந்து அதன் ஓட்டைகளைத் தேடினார்கள். நிரலும் ராத்திரியில் தன் ஓட்டைகளை அடைத்துக்கொண்டது. முடிவில் நிரல் 17,66,250 டாலர் மதிப்புள்ள சில்லுகள் முன்னிலை.

எப்படி? ஒரு சின்னக் கணக்கு. மேசையில் 100 ரூபாய். நான் 100 கட்டுகிறேன். நீங்கள் 100 போட்டால் 200 கிடைக்கலாம். மூன்றில் ஒரு தடவை நீங்கள் ஜெயித்தால் கணக்கு நேர். ஆகவே நான் இப்படிக் கட்டும் மூன்று தடவையில் சரியாக ஒரு தடவை வெறுங்கையோடு கட்டினால், நீங்கள் தொடர்ந்தாலும் விட்டாலும் சராசரியில் ஒன்றுதான். இந்த விகிதத்தை நான் உங்கள் காதிலேயே சொல்லிவிட்டு ஆடலாம். இந்தக் கை எது என்று மட்டும் தெரியாது. மறைக்க வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு மறுப்பு வரும். எதிராளியை எடைபோடுவது அவனவன் பொறுப்பு, நெற்றியில் ஒட்டிக்கொண்டா வர முடியும்? உண்மைதான், சும்மா இருப்பது குற்றமில்லை. ஆனால் சும்மா இருப்பதும் நடிப்பதும் ஒன்றா? சீட்டு மூடியிருக்கும் என்று ஒப்புக்கொண்டுதான் இருவரும் உட்காருகிறோம். நான் குடிகாரனாக, புதுசாக ஆட வந்தவனாக நடிப்பேன் என்பதற்கு நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. முதலாவதில் நீங்கள் தோற்றது ஆட்டத்தில். இரண்டாவதில் ஆட்டம் தொடங்கும் முன்பே தோற்றுவிட்டீர்கள். எதில் தோற்றோம் என்றுகூட உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் நாளைக்கும் வருவீர்கள். தாஜ்மஹால் மேசை ஓடுவதே அந்த 'நாளைக்கும்' என்பதை நம்பித்தான்.

'ரவுண்டர்ஸ்' நல்ல படம். அதில் நின்றுபோகும் காட்சிகள் எல்லாம், எதிரில் இருப்பவன் யார் என்று இருவருக்கும் தெரிந்தே நடப்பவை. அடுத்த தடவை பார்க்கும்போது, அட்லாண்டிக் சிட்டி காட்சியில் மைக்கை விட்டுவிட்டு அந்த ரெண்டு சுற்றுலாக்காரர்களின் முகத்தைப் பாருங்கள்.