நான்கு தந்தி, இரண்டு சுரம்: மேடை கிட்டாரின் பலமும் பலவீனமும்

கிட்டார் வாசிப்பவரை நாம் பெரும்பாலும் விரல் வேகத்தை வைத்தே எடைபோடுகிறோம். கிரிக்கெட்டில் ஃபீல்டர்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தே பந்துவீச்சாளரின் திட்டத்தைச் சொல்லிவிடலாம். அதுபோல, தந்திகளை எந்தச் சுரத்தில் சேர்த்திருக்கிறார் என்று பார்த்தால் வாசிப்பு எப்படிப் போகும் என்பதில் பாதி தெரிந்துவிடும். தருமபுரி, பாலக்கோடு, அரூர் பக்கத் திருவிழா மேடைகளுக்கு கிட்டார் புதிதல்ல. அந்த மேடைகளில் ராகம் வாசிக்க ஆசைப்படும் இளைஞர்களுக்காக இந்த வாரம் எடுத்துக்கொண்டது, நான்கு தந்தி டெனர் கிட்டார்.

1920களில் பாஞ்சோ கலைஞர்கள் சுலபமாகக் கிட்டாருக்கு மாறட்டும் என்று அமெரிக்காவில் பரவிய கருவி இது. வழக்கமான சுருதி சி-ஜி-டி-ஏ. சி-யை ஷட்ஜமாக வைத்தால் நான்கு தந்தியும் ச, ப, ரி, த என்று ஒலிக்கும். சிக்கல் அந்த ரி-யிலும் த-விலும்தான். இரண்டும் சதுஸ்ருதி வகை. தோடிக்கும் மாயாமாளவகௌளைக்கும் அவை அந்நிய சுரங்கள். கல்யாணியில் இடம் உண்டு. ஆனால் திறந்த தந்தியில் விரல் படாது, விரல் படாத இடத்தில் கமகம் கிடையாது.

வயலின் காட்டிய வழி

இதே சிக்கலை நம்மவர்கள் வயலினில் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியக் கலைஞரிடம் பயின்று கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த கருவி அது. ஐரோப்பிய முறையில் அதன் சுருதி ஜி-டி-ஏ-ஈ. நம் வித்வான்கள் சேர்ப்பது ச-ப-ச-ப. கணக்குப் பார்த்தால், மேல் தந்திகள் இரண்டையும் இரண்டு அரைச்சுரம் இறக்கினால் போதும். வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகளும் இதே ச, ப இரண்டில்தான் நிற்கின்றன.

டெனர் கிட்டாருக்கும் அதே வைத்தியம் பொருந்தும். டி-யை சி-க்கும், ஏ-யை ஜி-க்கும் இறக்குங்கள்: சி-ஜி-சி-ஜி. ஏழு சுரங்களில் வகை பிரியாமல், அசையாமல் நிற்பவை ஷட்ஜமும் பஞ்சமமும்தான். அசைக்க முடியாத திறந்த தந்திகளில் அசையாத சுரங்களே வந்து உட்காருகின்றன. அசைய வேண்டிய சுரம் ஒவ்வொன்றும் விரலுக்கடியில் வந்துவிடுகிறது. இந்தச் சுருதியின் மொத்த பலமும் இதில்தான் இருக்கிறது.

மோகனத்தை வாசித்துப் பாருங்கள். கனமான தந்தியில் திறந்தபடி ச, இரண்டாம் ஃபிரெட்டில் ரி, நான்காம் ஃபிரெட்டில் க. அடுத்த தந்தியில் திறந்தபடி ப, இரண்டாம் ஃபிரெட்டில் த. மூன்றாம் தந்தியைத் தொட்டால் மேல் ச. அங்கிருந்து அதே விரல்கள், அதே ஃபிரெட்டுகள், அடுத்த ஸ்தாயி. பழைய சுருதியில் ஸ்தாயி மாறினால் விரலமைப்பும் மாறும்.

இழுப்பிலும் லாபம் உண்டு. இரண்டு அரைச்சுரம் இறக்கினால் தந்தியின் விறைப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது. அதே இழுப்புக்குச் சுரம் கூடுதலாக ஏறும். தோடியின் காந்தாரத்தை மூன்றாம் ஃபிரெட்டில் பிடித்து மத்திமத்தை நோக்கி இழுக்கும்போது விரலுக்கே இது தெரியும். இழுப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு மாண்டலின் ஸ்ரீனிவாஸ் சாட்சி. இரட்டைத் தந்திகள் கமகத்துக்கு இடைஞ்சல் என்று மின் மாண்டலினில் ஒற்றைத் தந்திகளுக்கு மாறினார், பின்னர் ஐந்தாவது தந்தியும் சேர்த்தார். வாசிக்கும் இசைக்காகக் கருவியையே மாற்றியவர் அவர்.

எங்கே சறுக்கும்?

முதலாவது, கார்டு. மேற்கத்திய ஓப்பன் டியூனிங் மீட்டியவுடன் முழு கார்டு தரும். டி-ஜி-பி-டி என்று சேர்த்தால் ப-ச-க-ப. சங்கராபரணத்துக்கு அது அழகு. கரகரப்பிரியாவில் அந்தக் காந்தாரம் உறுத்தும். நம் ச-ப-ச-ப-வில் காந்தாரமே இல்லாததால் எந்த ராகத்தோடும் காந்தாரச் சண்டை வராது. ஆனால் மேஜர், மைனர் என்று கார்டு பிடித்துத் திரைப்பாட்டுக்குத் துணை நிற்பவருக்கு இது போதாது.

இரண்டாவது, பஞ்சமம் இல்லாத ராகங்கள். ஹிந்தோளத்தில் ஜி தந்தி தவறிப்போய் ஒலித்தால் ராகம் கெட்டுவிடும். இந்துஸ்தானியில் இதற்கு இணையான மால்கௌன்ஸுக்குத் தம்புராவில் மத்திமம் சேர்ப்பார்கள். இங்கும் ஜி தந்திகள் இரண்டையும் எஃப்-க்கு இறக்கி ச-ம-ச-ம ஆக்கலாம்.

மூன்றாவது, தளர்வு. தந்தி தளர்ந்தால் ஃபிரெட்டில் உரசி இரைச்சல் வரலாம். மேல் தந்திகள் இரண்டையும் ஒரு அளவு கனமாகப் போடுவது நல்லது. சித்திரை வெயிலில் காய்ந்த திறந்தவெளி மேடையில் எஃகுத் தந்தி சூடேறிச் சுருதி இறங்கும். பாட்டுக்குப் பாட்டு சரிபார்த்தே ஆக வேண்டும்.

தீர்ப்பு

நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்தின் நாதத்தையும், கூத்து மேடையில் ஹார்மோனியத்தின் சுருதியையும் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை. ஆதார சுருதி அடியில் ஒலித்துக்கொண்டிருந்தால்தான் ராகம் நமக்கு ராகமாகப் படும். ச-ப-ச-ப சேர்த்த கிட்டார் அந்த நாதத்தைத் தானே தரும். கார்டு வாசிப்பவர் பழைய சுருதியிலேயே இருக்கட்டும். ராகம் வாசிக்க விரும்புபவர் இன்றே மேல் தந்திகள் இரண்டையும் இறக்கட்டும். தோடிக்கு அவசரம் வேண்டாம், மோகனத்தில் தொடங்குங்கள். இரண்டு ஸ்தாயியிலும் அது சுத்தமாகப் பேசிய பிறகு காந்தாரத்தை இழுத்துப் பழகலாம்.