'முற்றும்' போட்ட பின்னும் முடியாத போர்கள்

'பொன்னியின் செல்வன்' 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாகத் திரைக்கு வந்தபின் ஒரு பேச்சு வலுத்திருக்கிறது. கல்கி கடைசியில் அவசரமாகச் சுருட்டிவிட்டாராம். ஐந்து பாகம் படித்தும் அருள்மொழி பட்டம் சூடவில்லை, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று தெளிவாகவில்லை, நந்தினி எங்கே போனாள் என்று தெரியவில்லை. இதையே கொஞ்சம் கனத்த சொற்களில் விமர்சகர்களும் சொல்கிறார்கள்: வாரந்தோறும் எழுதிக் கொடுப்பவருக்குத் தொடங்கத் தெரியும், முடிக்கத் தெரியாது, வாசகர் ஏமாந்தாரென்றால் நாவல் தோற்றது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. போரைப் பின்புலமாகக் கொண்ட நம் வரலாற்று நாவல்களில் எவை வாசகரை அதிகம் ஏமாற்றினவோ அவையே இன்றும் உயிரோடு இருக்கின்றன. மனம் குளிர முடிந்தவற்றில் பெரும்பாலானவை பெயரளவில்தான் நினைவிலிருக்கின்றன.

தொடக்க காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தி. த. சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் வந்தது. சொக்கநாத நாயக்கர் காலத்துக் கதை, காதலே அதன் அச்சு. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இந்த வகை தவழ்ந்துகொண்டிருந்தது. 1941இல் தொடங்கிய 'பார்த்திபன் கனவு'தான் அதை எழுந்து நடக்க வைத்தது. அந்தக் கதை வாசகருக்கு எந்தக் கடனும் வைக்காமல் முடிகிறது. சோழநாடு விடுதலை பெறுகிறது, விக்கிரமன் குந்தவியை மணக்கிறான், சிவனடியார் யார் என்ற புதிர் அவிழ்கிறது. 1943இல் கடைசி அத்தியாயத்தைப் படித்தவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

அடுத்து வந்த 'சிவகாமியின் சபதம்' அந்தத் தூக்கத்தைக் கெடுத்தது. 1944 முதல் 1946 வரை, உலகப் போரின் கடைசி ஆண்டுகளிலும் அது முடிந்த கையோடும் வந்த தொடர் இது. ஜப்பானியர் வருவார்கள் என்று அஞ்சி 1942இல் சென்னையே காலியானதும், பர்மாவிலிருந்து நடந்தே வந்த அகதிகளும், அரிசிக்குப் பங்கீட்டு அட்டையும் வாசகருக்கு அன்றாட அனுபவம். காஞ்சிக் கோட்டைக்குள் அடைபட்ட மக்களைப் பற்றிப் படிக்க அவர்களுக்கு வரலாற்றுக் கற்பனை தேவைப்படவில்லை.

தன்னைச் சிறைவைத்த பகைவர் தலைநகரான வாதாபி எரியும்வரை காஞ்சி திரும்ப மாட்டேன் என்று நடனமங்கை சிவகாமி சபதம் செய்கிறாள். அவளுடைய காதலர், பல்லவர் குலத்து மாமல்லர், மாறுவேடத்தில் வந்து அழைத்தும் போக மறுக்கிறாள். பல ஆண்டுகள் கழித்துப் படை வருகிறது, ஊர் எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது. தொடர்கதை வாசகர் இரண்டு வருடமாகக் காத்திருந்தது இதற்காகத்தான். ஆனால் கல்கி அங்கே நிறுத்தவில்லை. காஞ்சிக்குத் திரும்பிய பிறகுதான் சிவகாமிக்கு உண்மை தெரிகிறது: மாமல்லர் எப்போதோ பாண்டிய இளவரசியை மணந்துவிட்டார், குழந்தைகளும் இருக்கிறார்கள். அவள் ஏகாம்பரேசுவரர் சந்நிதியில் இறைவனையே மணாளனாக வரித்துத் தாலி சூடுகிறாள். அவள் மெய்மறந்து ஆடிக்கொண்டிருக்கும்போது சக்கரவர்த்தி யாருக்கும் தெரியாமல் எழுந்து போய்விடுகிறார். அவருக்கு அங்கே பேச ஒரு சொல்கூடக் கல்கி தரவில்லை. மூன்று பாகம் அவர்களைப் பேசவும் பிணங்கவும் விட்ட எழுத்தாளர், கடைசிச் சந்திப்பைச் சந்திப்பே இல்லாமல் ஆக்கிவிடுகிறார். தமிழ்த் தொடர்கதையில் இதற்கு இணையான துணிச்சலை நான் கண்டதில்லை.

சிவகாமியை இப்படி நிறுத்தியிருக்கக் கூடாது என்ற மனத்தாங்கல் இன்றுவரை தீரவில்லை. எங்கள் வீட்டுப் பெரியம்மாக்கள் மாமல்லரை மன்னித்ததே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பார்த்திபன் கனவு' படித்தவருக்கு மாமல்லர் என்கிற நரசிம்மவர்மரின் மகள் குந்தவியை ஏற்கெனவே தெரியும். சிவகாமியின் கதை தொடங்கும்போதே அதன் முடிவு பாதி எழுதப்பட்டாயிற்று. தெரிந்தும் வாசகர் எதிர்பார்த்தார்கள், தெரிந்தும் ஏமாந்தார்கள். அவசரத்தில் சுருட்டிய முடிவு இப்படி வேலை செய்யாது.

பரஞ்சோதியின் கதி இன்னும் முக்கியமானது. வாதாபியை வென்ற தளபதி வாளைக் கீழே வைத்துவிட்டுச் சிறுத்தொண்டராகிறார். இது கல்கி புனைந்ததல்ல. பெரியபுராணத்தில் சேக்கிழார் வாதாபிப் போரை ஓரிரு பாட்டில் தாண்டிவிட்டு, சிறுத்தொண்டரின் திருச்செங்காட்டங்குடி வீட்டுக்குள் போய்விடுகிறார். வெற்றியில் நிற்க விரும்பாத அந்தப் பழைய கதைப் போக்கைக் கல்கி அறிந்தே கையிலெடுத்தார். தொடர் முடிந்த 1946இல் ஹிரோஷிமா எரிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எரிகிற நகரத்தைக் காட்டிவிட்டு உடனே கல்யாணப் பந்தல் போட்டிருந்தால் அதுதான் ஏமாற்று வேலை.

இதை வைத்துப் பார்த்தால் 'பொன்னியின் செல்வன்' மீதான புகார் எங்கே தவறுகிறது என்பது தெரியும். 1950இல் தொடங்கி 1954இல் முடிந்த அந்தத் தொடரின் கடைசிப் பாகத்தில் குறைகள் இல்லாமலில்லை. மதுராந்தகன், சேந்தன் அமுதன் ஆள்மாற்றம் ஒரு தட்டையான உத்தி. கதையின் முடிச்சுகளை அது மிக மலிவாக அவிழ்க்கிறது. ஆனால் கரிகாலன் கொலையைத் திறந்தே விட்டது குறையல்ல. பெரிய பழுவேட்டரையர் தாம் எறிந்த கத்தியே அவனைக் கொன்றது என்கிறார். வாசகருக்கு ஐயம் தீர்வதில்லை. வரலாற்றிலும் அது தீரவில்லை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்களையும், அவர்களுடைய நிலங்கள் பறிமுதலானதையும் சொல்கிறது. ஏவியவர் யார் என்று சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மேல் ஐயம் கொண்டார், சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். குடவாயில் பாலசுப்ரமணியன் அந்தக் கல்வெட்டையே மீண்டும் படிக்க வைத்தார். அறிஞர்கள் முடிக்காத வழக்கை நாவலாசிரியர் முடித்திருந்தால்தான் குற்றம்.

கடைசி அத்தியாயத்தில் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுகிறாள். சோழ அரியணைக்காக அத்தனை பேர் சூழ்ச்சி செய்த கதை, எந்த அரியணையோடும் தொடர்பில்லாத ஒரு பெண்ணின் மரணத்தில் நிற்கிறது. அதோடு நின்றிருக்க வேண்டும். கல்கி செய்த உண்மையான தவறு, கதை முடிந்தபின் வாசகர் கேள்விகளுக்குப் பணிந்து முடிவுரை எழுதியது. யார் யாரை மணந்தார், யார் பின்னாளில் என்ன ஆனார் என்று பட்டியல் போட்டார். சரித்திர நாவல் ஏன் இப்படித்தான் முடியும் என்று அதே முடிவுரையில் அவர் சொல்லும் காரணங்கள் நேர்த்தியானவை. அவற்றைச் சொல்லிவிட்டுப் பட்டியலை விட்டிருக்கலாம். இன்று பெரும்பாலான பதிப்புகளில் அது கதையின் வாலாகவே ஒட்டியிருக்கிறது. மணிமேகலைக்காகக் கலங்கும் வாசகர் பக்கத்தைப் புரட்டினால் விசாரணை அறிக்கை காத்திருக்கிறது. எப்போது, யாருடைய கேள்விக்காக எழுதப்பட்டது என்ற குறிப்போடு அதைப் பின்னிணைப்பாக்குவதுதான் முறை. வாசகர் கடிதங்களைப் பழைய இதழ்களிலிருந்து தேடிச் சேர்த்தால் இன்னும் நல்லது.

அந்தப் பணிவுக்குப் பின்வந்தவர்கள் விலை கொடுத்தார்கள். விட்ட இடங்களை நிரப்புவதே ஒரு தொழிலாயிற்று. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதிக் கதையைத் தொடர்ந்தார். உழைப்புள்ள நாவல், ஆனால் தொடர்ச்சியாக மட்டுமே நிற்கிறது. சாண்டில்யன் வாசகரை ஒருபோதும் ஏமாற்றுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டவர். அவருடைய நாயகர்களுக்குப் பெரும்பாலும் கடற்போரிலும் வெற்றி, காதலிலும் வெற்றி. 'கடல் புறா'வின் வேகத்தையும் கடல் அறிவையும் நான் மதிக்கிறேன். படித்து முடித்தபின் மனதில் உறுத்துவதற்கு அதில் எதுவுமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' 1963இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. பெருமிதத்தின் மொழி அதைக் கல்லாக இறுக்கிவிட்டது. இந்த வரிசையின் நேர் வாரிசு 'பொன்னியின் செல்வன்' திரைப்படம்தான். நாவலில் இல்லாத ராஷ்டிரகூடப் போர் ஒன்று அதன் கடைசியில் சேர்ந்தது. மணிமேகலை படத்திலேயே இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். மார்கரெட் மிட்செலின் 'கான் வித் த விண்ட்' 1936இல் வந்ததும், ரெட் பட்லர் திரும்பி வருவானா என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. அவர் 1949இல் இறக்கும்வரை தொடர்ச்சி எழுத மறுத்தார். வாரிசுகளின் அனுமதியோடு 1991இல் தொடர்ச்சி வந்தது, விற்றது. மூல நாவலின் இடத்தை அதனால் தொட முடியவில்லை.

இந்தத் துறையில் நான் முதன்மையாகக் கருதுவது ப. சிங்காரத்தை. பட்டியல்களில் அவர் பெயர் சரித்திர நாவலாசிரியர் என்ற தலைப்பின்கீழ் வருவதில்லை. அரசரும் கோட்டையும் இருந்தால்தான் சரித்திரம் என்று நாம் பழகிவிட்டோம். சிங்கம்புணரியிலிருந்து 1938இல் இந்தோனேசியாவின் மேடானுக்குப் போனவர் அவர். ஜப்பானிய ஆட்சியைக் கண்ணால் கண்டு, போருக்குப் பின் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தபடி இரண்டே நாவல்கள் எழுதினார். 'புயலிலே ஒரு தோணி' 1972இல்தான் அச்சேறியது. தமிழ் வாசகர் அதைக் கண்டுகொள்ள மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அதன் முடிவு பற்றிய குறை எல்லோரும் அறிந்தது: நாயகன் பாண்டியன் ஏன் சாக வேண்டும்? இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவன், அறிவாளி, அஞ்சாதவன். போர் 1945 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. ஊருக்குக் கப்பலேறியிருக்கலாம். அவனோ இன்னொரு நாட்டின் விடுதலைப் போருக்குள் புகுந்து, கடைசியில் சுடப்பட்டு விழுகிறான். வீரமரணம் என்று கொண்டாடவும் வழியில்லை. அவன் நாட்டுக்காகச் சாகவில்லை, கொள்கைக்காகவும் சாகவில்லை. தேசபக்தி நாவலை எதிர்பார்த்தவருக்கு இது கசக்கும்.

அப்படிக் கசந்தவர்கள் அதற்கு முன் 1959இல் நூலான 'கடலுக்கு அப்பால்' நாவலை எடுத்துப் பார்க்க வேண்டும். அதே போர், அதே ராணுவம். அதன் நாயகன் செல்லையா சாகவில்லை, உயிரோடு பினாங்குக்குத் திரும்புகிறான். வட்டிக்கடை முதலாளிக்கு அவன் நேர்மைமேல் ஐயமில்லை, மகள் மரகதமும் அவனைத்தான் விரும்புகிறாள். ஆனால் துப்பாக்கி தூக்கியவன் இனிப் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கமாட்டான் என்று முதலாளி முடிவு செய்து, நாகலிங்கம் என்பவனுக்குப் பெண்ணைக் கொடுக்கிறார். அந்த முடிவில் கெட்டவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. முதலாளி சொல்வது கடைக்காரக் கணக்கில் சரியாகவே இருக்கிறது. பாண்டியன் பிழைத்து ஊர் வந்திருந்தால் அவனுக்கு முன்னால் இருந்திருக்கக்கூடிய வாழ்க்கை இதுதான். சிங்காரம் அதை ஏற்கெனவே ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டார்.