கைடு எங்கே உட்காருகிறது?

முதுகெலும்பில் திருகு போட்டுப் பழகாத இளம் மருத்துவர்கூட, முப்பரிமாண அச்சில் எடுத்த, துளையிட வழிகாட்டும் கைடு கையில் இருந்தால் மூத்தவரைப் போலவே போட்டுவிடலாம் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கைடுக்குச் சாதகமான நியாயங்கள் உண்டு. சிடி ஸ்கேனை வைத்துத் திருகின் பாதையைக் கணினியில் முன்னரே வரைந்து, எலும்பின் பின்புறப் பரப்புக்குப் பொருந்தும்படி அச்சிட்டுக்கொள்வதால் அறுவை அறையில் எக்ஸ்ரே குறைகிறது. ரோபோவோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். கடுமையாக வளைந்து திரும்பிய முதுகுகளில், வெறுங்கையைவிட இதில் திருகு திட்டமிட்ட இடத்துக்கு நெருங்கிப் போகிறது என்றே ஒப்பீட்டு ஆய்வுகள் பெரும்பாலும் சொல்கின்றன. இத்தனையும் சரி. பழக்கத்துக்கு மாற்று என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

கைடு காட்டும் பாதை சரியாக இருக்க வேண்டுமானால் அது முதுகெலும்பின் பின்புறத் தகடான லாமினாவின் மேல் இம்மியும் ஆடாமல் உட்கார வேண்டும். அதற்கு எலும்பை ஒட்டிய தசையையும் சவ்வையும் வழித்தெடுக்க வேண்டும், வெறுங்கையால் போடும்போது தேவைப்படுவதைவிட அதிகமாகவே. மூட்டுக் குருத்தெலும்பு சிடி படத்தில் எலும்பைப்போல் தெரிவதில்லை. கணினி வரைந்த பரப்பில் இல்லாத அது நோயாளியின் முதுகில் இருக்கும். ஓரத்தில் அரிசிமணி அளவு சதைத் துணுக்கு மிஞ்சினாலே கைடு சாய்ந்துவிடும். 3 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. 40 மி.மீ. திருகின் நுனியில் அது ஏறக்குறைய 2 மி.மீ. விலகல். நடுமார்புப் பகுதி முதுகெலும்புகளில், திருகு கடந்து செல்லும் பெடிக்கிள் என்ற எலும்புத் தண்டின் அகலமே 5 மி.மீ. அளவுதான், உட்பக்கம் தண்டுவடம், எலும்புக்கு முன்னால் மகாதமனி. வெறுங்கையால் போடுபவருக்கு விலகல் கையிலேயே தெரியும். துழாவும் கம்பி உள்ளெலும்பில் கரகரவென்று இறங்கும், சுவரைத் துளைத்தால் சட்டென்று நழுவும். பிறகு உருண்டை முனைக் கம்பியை விட்டு நாலு சுவரையும் அடியையும் தடவிப் பார்ப்பார். கைடின் குழாய்க்குள் சுழலும் டிரில்லில் அந்த உணர்வு பெருமளவு மறைந்துபோகிறது. தேவைப்படும் திறமை பெடிக்கிளுக்குள்ளிருந்து லாமினாவின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

புள்ளிவிவரம் வேறு சொல்கிறதே என்பார்கள். 1990இல் வந்த கெர்ட்ஸ்பெய்ன்-ராபின்ஸ் அளவுகோலில் சுவரைத் தாண்டாத திருகு ஏ, 2 மி.மீ.க்குள் தாண்டியது பி. இரண்டையும் சேர்த்து 'ஏற்கத்தக்கது' என்று எண்ணி விழுக்காடு சொல்வது வழக்கம். கைடு பொருந்தாமல் போய் வெறுங்கையால் போட்ட திருகு எந்தக் கணக்கில் சேர்ந்தது, பொருந்தவில்லை என்று சொன்னவர் இளையவரா பக்கத்தில் நின்ற மூத்தவரா என்பதெல்லாம் அந்த விழுக்காட்டிலிருந்து தெரியாது. சடலத்தில் செய்த சோதனை என்றால், அங்கே ரத்தம் கசிந்து பரப்பை மறைப்பதில்லை, மூச்சுக்கேற்ப முதுகு ஏறி இறங்குவதும் இல்லை. ஒவ்வொரு எலும்புக்கும் தனிக் கைடு செய்யாமல் பலவற்றை ஒன்றாகப் பிணைத்தால், மல்லாந்து கிடந்து எடுத்த ஸ்கேனும் மேசையில் குப்புறக் கிடக்கும் முதுகும் ஒத்துப்போகாத சங்கடம் வேறு. மருத்துவமனையிலேயே மலிவான பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சிடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை: அது 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கும், கிருமிநீக்கும் ஆட்டோகிளேவிலோ 121 டிகிரி. லேசாக முறுக்கிக்கொண்டு வெளியே வரும் கைடும் எலும்பின் மேல் எப்படியோ உட்காரத்தான் செய்யும். அது காட்டும் இடம் தவறு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர், நுழைவுப் புள்ளியைக் கைடு இல்லாமல் நூறு முறை தேடிப் பழகியவர்தான்.